மொட்டை மாடிக் கள்ளிகளுக்குக் கோடையில் தண்ணீர் விடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோடை வந்ததும் கள்ளி வளர்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "பாலைவனச் செடிதானே, தண்ணியே வேண்டாம்" என்று மார்ச்சிலேயே குழாயை மூடிவிடுகிறவர்கள் ஒரு கட்சி. "நமக்கே நாக்கு வறளுது, அதுக்கு வறளாதா" என்று தினமும் சாயங்காலம் மக்கில் மொண்டு ஊற்றுகிறவர்கள் இன்னொரு கட்சி. முதல் கட்சிக்காரர்களின் செடிகள் சுருங்கிப்போகும், ஆனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது கட்சிக்காரர்களின் செடிகள் மே மாதம் முழுக்கப் பச்சையாக நின்றுவிட்டு, ஜூனில் ஒரு நாள் கை பட்டதும் அப்படியே சாயும். எடுத்துப் பார்த்தால் உள்ளே கூழ்.

நம் ஊர்க் கோடையில் தாகத்தால் சாகிற கள்ளியை விட, சூடும் ஈரமும் சேர்ந்து கொல்கிற கள்ளிதான் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் எல்லாமே எளிதாகப் புரியும்.

திருச்சி, கரூர், மதுரை, வேலூர் மாதிரி உள்நாட்டு ஊர்களில் மொட்டை மாடியில் வளர்ப்பவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். சென்னைக்கு என்ன மாறும் என்று நடுவில் சொல்கிறேன். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, நிம்மதியாக வேறு வேலை பார்க்கலாம்.

இரவு எவ்வளவு சூடு?

பகலில் 40 டிகிரி, 41 டிகிரி என்று பேப்பரில் போடுவதைப் பார்த்துத் தண்ணீர் அளவை முடிவு செய்யாதீர்கள். கள்ளிக்கு முக்கியம் இரவு வெப்பம். மற்ற செடிகள் பகலில் மூச்சுத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை இழுக்கும். கள்ளிகளில் பெரும்பாலானவை பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து இழுத்து, அதை மாலிக் அமிலமாகத் தண்டுக்குள் சேர்த்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் பயன்படுத்திக்கொள்ளும். தண்ணீரை மிச்சப்படுத்தும் ஏற்பாடு இது. ஆனால் இது ஒழுங்காக நடக்க இரவு குளிர்ந்தாக வேண்டும். இரவும் கொதித்தால் துளை சரியாகத் திறக்காது, செடி வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும், வேரும் தண்ணீரை இழுக்காது. அந்த நேரத்தில் நாம் ஊற்றுகிற தண்ணீர் சட்டியிலேயே வெதுவெதுப்பாகக் கிடக்கும், அழுகல் பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

"மெக்சிகோ பாலைவனத்தில் இதைவிட வெயில் அடிக்குமே, அங்கே கோடையில்தானே மழையே பெய்யுது" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாம் வளர்க்கும் கள்ளிகளில் பலவற்றுக்குச் சொந்த ஊர் சிவாவா பாலைவனம். அதில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பகலில் சுட்டாலும் இரவில் பல இடங்களில் 20 டிகிரி பக்கம் இறங்கிவிடும். நம் மாடியில் மே மாதம் ராத்திரி பத்து மணிக்குக் கான்கிரீட்டில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், தரை இன்னும் சூட்டைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் முதல் வேலை, ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் வாங்கிச் செடிகளுக்கு நடுவில், நேர் வெயில் படாத இடத்தில் தொங்கவிடுவது. காலை ஐந்து, ஐந்தரை மணிக்குப் பாருங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: 25 டிகிரிக்குக் கீழே காட்டினால் வழக்கம்போல முழுத் தண்ணீர், 25-லிருந்து 28 வரை என்றால் இடைவெளியை நீட்ட வேண்டும், அதற்கும் மேலே நின்றால் வேர் உயிரோடு இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும்.

தண்ணீருக்கு முன்னால் நிழல்

நேர் வெயிலில், சுடுகிற தரையில், கறுப்புப் பிளாஸ்டிக் சட்டியில் நிற்கும் செடிக்கு எந்தத் தண்ணீர்க் கணக்கும் உதவாது. சட்டிக்குள் மண்ணே சுட்டுவிடும், மேற்கு வெயில் படும் பக்கத்து வேர் முதலில் போகும்.

வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீதப் பச்சை நெட் போதும். 75 சதவீத நெட் போட்டால் செடி வெளிச்சம் தேடி நீண்டு, நுனி மட்டும் ஊசியாகக் கிளம்பும். நெட்டைச் செடிமேல் போர்த்திவிடாமல் ஆறேழு அடி உயரத்தில் கட்டுங்கள், அடியில் காற்று ஓட வேண்டும். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் ஷீட் கூரை போட்டிருப்பவர்கள் கோடையில் அதன்மேலும் நெட்டைப் போட்டு, பக்கங்களை முழுக்கத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் சூடு தேங்கிவிடும்.

சட்டிகளைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் இரண்டு செங்கல், மேலே ஒரு பலகை. சட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் அடுத்ததன் மேல் விழும், மேற்கு ஓரத்தில் இருப்பவற்றுக்கு மட்டும் ஒரு மறைப்பு வைத்தால் போதும். கறுப்புச் சட்டிக்கு வெளியே சுண்ணாம்பு அடிப்பது அசிங்கமாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும். மண் சட்டி தன் சுவர் வழியாக ஈரத்தை விட்டுக் குளிர்ச்சியாக இருக்கும், அதே காரணத்தால் சீக்கிரம் காயும். ஒரே வரிசையில் மண் சட்டியையும் பிளாஸ்டிக் சட்டியையும் கலந்து வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஊற்றுவதுதான் பலர் வீட்டில் நடக்கிறது. பிரித்து வையுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது

மேல் மண்ணைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கோடையில் மேலே ஒரு அங்குலம் ஒரே நாளில் பொடியாகிவிடும், அடியில் நாலு நாள் கழித்தும் ஈரம் இருக்கும்.

தென்னந்துடைப்பத்திலிருந்து கொஞ்சம் தடிமனான ஈர்க்குச்சி ஒன்றை உருவிக்கொள்ளுங்கள். சட்டி ஓரமாக, செடியின் உடம்பை ஒட்டாமல், அடிவரை மெதுவாக இறக்குங்கள். வழியில் வேர் தடுத்தால் அழுத்தாமல் இடம் மாற்றிக் குத்துங்கள். பத்து நிமிடம் அப்படியே விட்டு உருவி, நுனியை உதட்டிலோ கன்னத்திலோ வைத்துப் பாருங்கள். விரலை விட அங்கே குளிர்ச்சி நன்றாகத் தெரியும். நுனி ஜில்லென்று இருந்தாலோ கறுத்துப்போய் மண் துகள் ஒட்டியிருந்தாலோ ஈரம் இருக்கிறது, ஊற்றாதீர்கள். வறவறவென்று, போட்டபடியே வந்தால் காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு நாள் பொறுத்து ஊற்றினால் இன்னும் நல்லது.

சமையலறைத் தராசு இருந்தால் இன்னொரு வழி உண்டு. நன்றாகக் காய்ந்த சட்டியை நிறுத்து எடையைப் பிளாஸ்டிக் லேபிளில் எழுதிச் செருகிவிடுங்கள். தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு மறுபடி நிறுங்கள். 4 அங்குலச் சட்டியில் 100-லிருந்து 150 கிராம் வரை கூடும். அதாவது 100-லிருந்து 150 மில்லி தண்ணீர். வரிசைக்கு ஒரு சட்டியை இப்படி மாதிரியாக வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் கையில் தூக்கும்போதே தெரிந்துவிடும்.

தேங்காய் நார்த் தூளிலேயே நட்டு வரும் நர்சரிச் செடிகளில் இந்த இரண்டு சோதனையும் குழப்பும். அந்தத் தூள் ஈரமாக இருந்தால் வாரக்கணக்கில் விடாது, ஒரு தடவை முற்றிலும் காய்ந்தால் தண்ணீரையே ஏற்காமல் ஓரமாக வழியவிட்டுவிடும். கோடைக்கு முன்பே, மாசியில், செம்மண்ணோடு சலித்த பெருமணல், செங்கல் பொடிச்சல்லி அல்லது பியூமிஸ் எனும் எரிமலை நுரைக்கல் கலந்து மாற்றி நட்டுவிடுங்கள். எம்-சாண்ட் போடுவதானால் மாவாக இருப்பதைச் சலித்துக் கழித்து, கழுவி, குருணையை மட்டும் எடுங்கள். ஏப்ரல் தாண்டிவிட்டால் இந்த வேலையைத் தொடாதீர்கள், ஆடி வரை பொறுக்கலாம்.

எந்தத் தண்ணீர்

நம் பக்கம் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க உப்பு கூடும். சட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதும், செடியின் அடித்தண்டில் சாம்பல் நிறத்தில் செதில் பிடிப்பதும் இதனால்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிவிடுங்கள். 300-க்குள் காட்டினால் யோசிக்க வேண்டாம். 300 முதல் 800 வரை என்றால் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். 1000 தாண்டினால் கள்ளிக்கு வேண்டாம்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? ஏசியிலிருந்து குழாய் வழியாக வடியும் தண்ணீர் அருமையானது, காற்றிலிருந்து படிந்த ஈரம்தான் அது, உப்பே இருக்காது. குழாய் அடியில் வாளியை வைத்துவிட வேண்டியதுதான். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதுவும் அப்படியே. ஆனால் ஆர்ஓ எந்திரம் கழித்து வெளியே தள்ளுகிற தண்ணீரை "வீணாகுதே" என்று கள்ளிக்கு ஊற்றுகிறார்கள் பாருங்கள், அது மட்டும் கூடாது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் வருகிறது. அதை மாடி கழுவப் பயன்படுத்துங்கள்.

வினிகரோ சிட்ரிக் அமிலமோ சில சொட்டு விட்டால் கடினத் தண்ணீரின் காரத்தன்மை குறையும், கள்ளிக்கு அது பிடிக்கும். உப்பு குறையாது. இரண்டும் வேறு வேறு சங்கதி.

2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு குடிக்கவே லாரியை எதிர்பார்த்து நின்றபோது, செடி வளர்ப்பவர்கள் பலர் எதைக் காப்பாற்றுவது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கள்ளிக்காரர்களுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. 4 அங்குலச் சட்டி நூறு வைத்திருந்தாலும் முழுசாக ஒரு தடவை நனைக்க ஒரு வாளிதான். தட்டுப்பாட்டுக் காலத்தில் அளவை நினைத்துக் கவலைப்படுவதை விட, அந்த ஒரு வாளி நல்ல தண்ணீராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். லாரித் தண்ணீரும் சில நேரம் உப்பாகத்தான் வரும், நாக்கில் வைத்தாலே தெரியும்.

அப்புறம் சூடு. மாடித் தொட்டியில் பகலெல்லாம் காய்ந்த தண்ணீரும், வெயிலில் சுருண்டு கிடந்த ஓஸில் தங்கிய தண்ணீரும் கையைச் சுடும். ஓஸைத் திறந்து முதல் வாளித் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுத்தான் செடிப் பக்கம் திருப்ப வேண்டும். இதைவிட நல்லது, விடியற்காலையில் வாளியில் பிடித்து நிழலில் மூடிவைத்து, அன்று இரவு எடுத்து ஊற்றுவது.

ஊற்றும் முறை

நேரம்: உள்நாட்டு ஊர்களில் இரவு எட்டரைக்கு மேல், சட்டிச் சுவரைத் தொட்டால் சூடு இல்லை என்றான பிறகு. சாயங்காலம் ஐந்து மணி "சாயங்காலம்" என்று கணக்கில் வராது, சட்டி அப்போதுதான் உச்சச் சூட்டில் இருக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இரவுக் காற்றில் ஈரம் அதிகம், ஊற்றியது சீக்கிரம் காயாது. அங்கே விடிகாலை நாலரை, ஐந்து மணி நல்லது, இடைவெளியையும் உள்நாட்டை விட மூன்று நாலு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். நடுத்தட்டுச் செடிகளுக்குக் காற்று போகவில்லை என்றால் ஒரு பழைய டேபிள் ஃபேனை ஓடவிடலாம்.

முதல் சுற்று: மூக்கு நீண்ட பூவாளியோ, மூடியில் ஓட்டை போட்ட பழைய பாட்டிலோ எடுத்து, சட்டி விளிம்பை ஒட்டிச் சுற்றி மெதுவாக விடுங்கள். செடியின் தலையில், அந்தக் குழிந்த நடுப்பகுதியில், தண்ணீர் தங்கக் கூடாது. தங்கிவிட்டால் பஞ்சால் ஒற்றி எடுங்கள் அல்லது ஊதிவிடுங்கள். சொட்டுத் தண்ணீர் கண்ணாடியாக வேலை செய்து செடியைச் சுட்டுவிடும் என்று சொல்வதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தலையில் தேங்கிய தண்ணீர் மறுநாள் சூடேறுவதும், உப்புக் கறை நிரந்தரமாகப் படிவதும்தான் உண்மையான தொல்லை.

கால் மணி நேரம் கழித்து இரண்டாம் சுற்று. ரொம்பக் காய்ந்த மண் முதல் தடவை தண்ணீரை உறிஞ்சாது, ஓரமாக ஓடி அடித்துளை வழியாக வந்துவிடும். "வழிந்துவிட்டதே, நனைந்துவிட்டது" என்று ஏமாறும் இடம் இதுதான். இரண்டாவது சுற்றில்தான் மண் வாங்கும். அடித்துளையில் நன்றாக வழியும்வரை ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள்.

பதினைந்து இருபது நாள் காய்ந்து சுருங்கிய செடியை ஒரேயடியாக நிரப்பாதீர்கள். முதல் இரவு கால் பங்கு, மறு இரவு மீதி. குண்டான அஸ்ட்ரோஃபைட்டம் மாதிரிச் செடிகள் சடாரென்று வீங்கித் தோல் வெடிப்பது இப்படித்தான். வெடிப்பு ஆறும், தழும்பு போகாது.

தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுவது நல்ல முறைதான், இருபது நிமிடம் போதும். ஆனால் உப்புத் தண்ணீரில் அப்படிச் செய்தால் உப்பு மேலேறிக் கழுத்தில் சேரும். மாதம் ஒரு தடவையாவது நல்ல தண்ணீரை மேலிருந்து விட்டுக் கழுவிவிடுங்கள்.

ஸ்ப்ரே பாட்டில் வைத்து விசிறுவது தாகத்தைத் தீர்க்காது. தூசு கழுவ, சிவப்புச் சிலந்திப்பேனைத் தள்ளிவைக்க வாரம் ஒரு இரவு அடிக்கலாம், அதுவும் ஆர்ஓவில் சுத்திகரித்த தண்ணீர் அல்லது ஏசித் தண்ணீரில் மட்டும். காய்ந்த கோடையில் இந்தப் பேன் கண்ணுக்கே தெரியாமல் பெருகும். செடித் தலையைச் சுற்றிப் பழுப்பாகத் துருப்பிடித்த மாதிரி தெரிந்தால் அது வெயில் சுட்டதா பேனா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

மாதக் கணக்கு

பங்குனியில் காலை வெப்பம் பெரும்பாலும் 25-க்குள் நிற்கும். பூக்கிற, வளர்கிற காலம். 4 அங்குலப் பிளாஸ்டிக் சட்டிக்கு ஏழெட்டு நாளுக்கு ஒரு முழுத் தண்ணீர், மண் சட்டிக்கு ஐந்தாறு நாள்.

சித்திரை பிறந்ததும் பத்து நாளாக நீட்டுங்கள். உரம் கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கி 28 வாக்கில் முடியும். இந்த நாட்களில் 12 முதல் 15 நாளுக்கு ஒரு தடவை, அதுவும் பாதி அளவு, விளிம்பை ஒட்டி. நுனி வேர்கள் காய்ந்து உதிராமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம், செடியை உப்பவைப்பது இல்லை. கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும், இருக்கட்டும். 8 அங்குலத்துக்கு மேற்பட்ட பெரிய சட்டிகளுக்கு மூன்று வாரம் கூடத் தாங்கும்.

கத்திரி முடிந்த மறுநாளே பழைய அளவுக்குத் திரும்பிவிடாதீர்கள், தெர்மாமீட்டர் சொல்லட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் ஜூன் தொடக்கத்திலேயே இரவு குளிர்ந்துவிடும். சென்னையிலும் வேலூரிலும் ஜூன் பாதி வரை கத்திரியாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது

மெலோகாக்டஸ், டிஸ்கோகாக்டஸ் இரண்டும் சூடான நாட்டுச் செடிகள், கரீபியன் தீவுகளும் பிரேசிலும் அவற்றின் ஊர். வேர் முழுசாகக் காய்வது அவற்றுக்குப் பிடிக்காது. கத்திரியிலும் வாரம் ஒரு தடவை கொடுக்கலாம். நீல நிறத் தூண் கள்ளியான பைலோசோசீரியஸும் வெயிலில்தான் வளரும்.

ஆன்டிஸ் மலைக்காரர்களான ரெபூட்டியா, லோபிவியா சமவெளிக்கு வந்ததே அவற்றின் தலைவிதி. உள்ளதிலேயே குளிர்ச்சியான, வெளிச்சமான மூலையில் வைத்து, கத்திரியில் ஓரிரு வாய் தண்ணீர் மட்டும். அட்டகாமா கடலோரத்து கோப்பியாப்போவாவுக்கும் அதே. ஜிம்னோகாலிசியம் சொந்த ஊரில் புல், புதர் நிழலில் வளர்வது, கூடுதல் நிழல் கொடுத்தால் சமாளிக்கும். கிழங்கு வேர் உள்ள அரியோகார்பஸ், லோஃபோஃபோரா வெயிலைத் தாங்கும், ஆனால் ஒரு தடவை அதிகம் ஊற்றினாலும் கிழங்கு போய்விடும்.

மேற்கு வங்க மலை ஊரான கலிம்போங்கிலிருந்து மண் இல்லாமல் வேரோடு மட்டும் பார்சலில் வரும் செடிகளை மார்ச், ஏப்ரலில் வாங்காமல் இருப்பதே நல்லது. மலைக் குளிரில் வளர்ந்தவை, புது வேர் விடுமுன் கத்திரி வந்துவிடும். வாங்கிவிட்டால் முழு நிழலில் வைத்து, வேர் பிடிக்கும்வரை மிகக் கொஞ்சமாகக் கொடுங்கள்.

ஒட்டுக்கட்டிய சிவப்பு, மஞ்சள் உருண்டைகளில் மேலே இருப்பதைப் பார்க்காதீர்கள், கீழே இருக்கும் டிராகன் ஃப்ரூட் தண்டைப் பார்த்து ஊற்றுங்கள். அது சுருங்கினால் மேலே இருப்பதும் சேர்ந்து போகும். விதை நாற்றுகளை ஒரு வருடம் ஆகும்வரை முழுசாகக் காயவிடவே கூடாது. அடீனியம் கள்ளி இல்லை, அதைக் கள்ளி வரிசையில் வைத்து வாடவிடாதீர்கள், கோடைதான் அதற்குக் கொண்டாட்டம். ஹவோர்த்தியாவுக்கு நேர்மாறு, நிழலில் ஓய்வு.

தாகமா, அழுகலா

இரண்டிலும் செடி சுருங்கும், அதனால்தான் குழப்பம். தாகம் என்றால் எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்கும், மடிப்புகள் ஆழமாகும், செடி மண்ணுக்குள் இறங்கிய மாதிரி இருக்கும், அழுத்தினால் கொஞ்சம் வளையும், ஆனால் அடித்தண்டு கெட்டியாக இருக்கும். அழுகல் என்றால் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறும், மஞ்சளாகவோ தேன் நிறமாகவோ. அங்கே தொட்டால் விரல் அமுங்கும். முள்கொத்து இழுத்தால் கையோடு வரும்.

நன்றாகத் தண்ணீர் கொடுத்து ஒரு வாரம் ஆகியும் செடி உப்பவில்லை என்றால் மறுபடி ஊற்றாதீர்கள். வேர் இல்லை என்று அர்த்தம். சட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். வேரில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, காய்ந்த மண்ணில் அது நன்றாகப் பெருகும். கழுவி, வேரை வெட்டி, புது மண்ணில் வையுங்கள். அழுகியிருந்தால் சுத்தமான கத்தியால் கீழிருந்து துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து. நடுவில் இருக்கும் வட்டத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி கூட இல்லாமல் சுத்தமாக வரும்வரை நிறுத்தாதீர்கள். பிறகு நிழலில் காற்றோட்டமாக இரண்டு வாரம் காயவிடுங்கள். பூஞ்சைக்கொல்லித் தூள் தடவலாம், ஆனால் வேலை செய்வது அப்படிக் காயவிடுவதுதான்.

கோடை மழை, வெளியூர்ப் பயணம்

இரண்டு வாரம் காய்ந்து கிடந்த மாடியில் ஒரு மாலை இடி இடித்துக் கொட்டும். அந்த மழை கெடுதல் இல்லை, உப்பைக் கழுவிவிடும். மறுநாள்தான் ஆபத்து. ஈரச் சட்டி 39 டிகிரி வெயிலில் இட்லிப் பானை ஆகிவிடும். மழை பெய்த மறுநாள் காலையில் நெட்டுக்கு மேல் இன்னொரு மடிப்பு போடுங்கள் அல்லது சட்டிகளை மூன்று நாள் மாடிப்படி நிழலுக்கு இறக்குங்கள். அடுத்த தண்ணீரை மழை பெய்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

பத்து நாள் ஊருக்குப் போவதானால், கிளம்ப மூன்று நாள் முன்பு வழக்கமான அளவு ஊற்றி, வெயில் படாத இடத்துக்கு மாற்றிவிட்டுப் போங்கள். திரி வைப்பது, பாட்டிலைக் கவிழ்த்துச் செருகுவது எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்தால் ரோஜாவுக்கும் துளசிக்கும் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள், கள்ளி இருக்கும் பக்கம் போகவே வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாசத்தில் தினமும் ஒரு சொம்பு ஊற்றிவிடுவார்கள்.